ஹார்ட்டுக்கு ஒரு மெத்தை

“அப்பா, அவசரப்படாதீங்க. மெதுவா படுங்க. நான் தலையைப் பிடிச்சிக்கிறேன்.”

சிவசங்கர் சொன்னபடியே பிடித்துக்கொண்டான். துரைராஜ் சாய்ந்தார். வடக்குத்து மெயின் ரோட்டு மெத்தைக் கடையில் அது நான்காவது மெத்தை.

போன வாரம்வரை அவன் அப்பாவை ‘நீ’ என்றுதான் பேசினான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த துரைராஜ், செருப்பைக் கழற்றும்போதே, “ஹார்ட்டுன்னு எழுதிட்டாரு,” என்றார். அன்று மாலையே ‘நீ’, ‘நீங்க’ ஆகிவிட்டது. மறுநாள் அவருடைய டிபன் பாக்ஸை மருமகள் துடைத்துக் கையில் கொடுத்தாள்.

“எப்படிப்பா இருக்கு?”

“உள்ள போவுது.”

“உள்ள போனாத்தாங்க சொகுசு,” என்றான் விற்பனையாளன் அறிவழகன். “கடையில இதுதான் இருக்கறதுலயே மெத்து.”

“கெட்டியா வேணும்.”

அம்மா பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “ஹார்ட்டை வச்சுகினு கெட்டியா எதுக்குங்க? பூ மாதிரி படுக்கட்டும்னு புள்ள கூட்டியாந்திருக்கான்.”

“கெட்டியா வேணும்.”

“இதுவரைக்கும் எதுல படுத்துகினு இருந்தாருங்க?” என்று கேட்டான் அறிவழகன்.

“ஹால்ல, நாடாக் கட்டில்ல. நடுவுல தொட்டில் மாதிரி தொங்கும்,” என்றாள் பெரியநாயகி.

“அவருக்கு அதுதான் புடிக்கும்,” என்றான் சிவசங்கர் சட்டென்று.

துரைராஜுக்குச் சுரங்கத்தில் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்தது. பர்மனென்ட். சிவசங்கர் அதே சுரங்கத்தில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட். அப்பா ‘மெடிக்கல் அன்ஃபிட்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த வேலை மகனுக்கு வரும் என்று டீக்கடையில் யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தை டைப் அடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“நல்லாத் தூங்கினாத்தான் கையெழுத்துப் போடக் கை ஓடும்,” என்று துரைராஜ் நேற்று சொல்லியிருந்தார். அதனால்தான் மெத்தை.

“அப்ப இதைப் பாருங்க.” அறிவழகன் ஐந்தாவதைத் தட்டினான். “உள்ள முழுக்க ஸ்பிரிங். நல்ல கெட்டி. மேல மட்டும் தலகாணி மாதிரி ஒரு அடுக்கு வச்சுத் தைச்சிருக்கு. பில்லோ டாப்னு பேரு. அடியில ஐயா கேட்டது, மேல அம்மா கேட்டது.”

“ஸ்பிரிங்கு தூக்கித் தூக்கிப் போடாதா?” என்றாள் பெரியநாயகி. “அதிர்ச்சியே ஆவாது அவருக்கு.”

“போடாதுங்க. பத்து வருஷம் வாரண்டி.”

“பத்து வருஷமா?” சிவசங்கரின் முகம் வாடியது. “ரெண்டு வருஷத்துக்கு வர்ற மாதிரி எதுவும் இல்லீங்களா?”

அறிவழகன் அவனைப் பார்த்தான். பிறகு மெத்தையைப் பார்த்தான்.

துரைராஜ் அதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். இப்படி அப்படிப் புரண்டார். பிறகு மல்லாந்து, கைகளை மார்பின்மேல் கோர்த்துக் கண்ணை மூடினார். முகத்தில் ஓர் அமைதி வந்தது. தலைமாட்டில் மகன் நின்றான். கால்மாட்டில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தலையணை வாங்க வந்த இசக்கிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். இவர்கள் பிளாக்கில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர். ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“எப்பம் ஆச்சு, மதினி?” என்றார் தணிந்த குரலில்.

“இன்னும் ஆவலை,” என்றார் துரைராஜ் கண்ணைத் திறக்காமல். “பாத்துகினு இருக்கோம்.”

இசக்கிமுத்து தலையணை வாங்காமலே போய்விட்டார்.

“இதுதான்,” என்றார் துரைராஜ். “இதையே எடு.”

“எடுத்துக்கலாம்பா.” சிவசங்கரின் கை சட்டைப் பைக்குப் போனது. “அப்படியே இதுல ஒரு கையெழுத்து…”

“கடையிலயா? மொதல்ல மெத்தை வூட்டுக்கு வரட்டும். நீ போயி குட்டியானை ஒண்ணு பேசிட்டு வா. அம்மாவையும் கூட்டிகினு போ. அவ பேசினா வாடகை குறையும்.”

“எழுந்துக்காதீங்க, அப்படியே இருங்க,” என்று சொல்லிவிட்டுப் பெரியநாயகி மகன் பின்னால் வண்டி ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அவர்கள் ரோட்டைக் கடக்கும்வரை துரைராஜ் படுத்திருந்தார். பிறகு ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தார். பனியனுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

“தம்பி, இதுல டாக்டர் எழுதியிருக்கறதும் இந்த மெத்தையும் ஒண்ணுதானே? பாத்துச் சொல்லு.”

அறிவழகன் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தான். திரும்பவும் படித்தான்.

“ஐயா, இதுல முதுகுத்தண்டு தேய்மானம்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ ‘ஹார்ட் பெட்’னு எழுதியிருக்கு. எச், ஏ, ஆர், டி. கெட்டியான படுக்கைன்னு அர்த்தம். உங்களுக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லீங்க!”

“சத்தம் போடாத.” துரைராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டே காகிதத்தை வாங்கி மடித்தார். “மூணு வருஷமா முதுகு முதுகுன்னு கத்தினேன், தைலம் தேய்க்க ஒரு ஆள் வரலை. நீ எழுத்துக் கூட்டிப் படிக்காத தம்பி, தமிழ்ல ரெண்டும் ஒண்ணுதான்.”