மாமியார் வீட்டு மீட்டர்

“மாமியார் வீட்டு ஓசிக் கரண்டுல கார் ஓட்டுத மாப்பிள்ளையை நான் எந்த ஊர்லயும் பாத்ததில்லை, தாயே!”

கையிலிருந்த பையைக் கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டாள் கலைச்செல்வி. திசையன்விளையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு ரெண்டு பஸ் மாறி வந்த எரிச்சல் வேறு.

“சத்தம் போடாதட்டி, பக்கத்து வீட்டுல கேக்கும்” என்றாள் அம்மா தங்கத்தாய்.

“கேக்கட்டும். ஊருக்கே தெரிஞ்ச கதைதானே!”

கதை இதுதான். கலைச்செல்வியின் தங்கை சுகன்யாவைக் கட்டியவன் இசக்கிராஜா. உள்ளூரிலேயே பம்புசெட் கடை வைத்திருக்கிறான். மூணு மாசத்துக்கு முந்தி எலக்ட்ரிக் கார் வாங்கினான். வாங்கினவன் சும்மா இருக்கலாம் அல்லவா? மாமனாரின் முதல் வருஷத் திதி அன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் கணக்குப் போட்டான்.

“வீட்டு மீட்டர்ல சார்ஜ் போட்டா ஐநூறு யூனிட்டைத் தாண்டிரும், ரேட்டு எகிறும். காருக்குன்னு தனி மீட்டர் வாங்கினா அதுக்கு ஃப்ரீ யூனிட் கிடையாது. ஆனா மூணாவதா ஒரு வழி இருக்கு. அத்தை வீட்டு மீட்டர்! ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீ. ஒத்தை ஆளு, அவிய எங்க முழுசா செலவழிக்காவ? மிச்சம் வீணாத்தானே போகுது!”

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். மறுவாரமே காரோடு வந்து, மாமியார் வீட்டு முன்வாசல் பிளக்கில் வயரைச் சொருகிவிட்டான் மகராசன்.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூணு நாள். சாயங்காலம் வருவான், சொருகுவான், மூணு மணி நேரம் உள்ளே வந்து உட்காருவான். முதலில் காபி, பலகாரம். கிளம்பும்போது தோசை.

“கரண்டையும் குடுத்து தோசையும் சுட்டுக் குடுக்கணுமாக்கும்? நல்ல கூத்தா இருக்கே!”

“விடுட்டி. நம்ம வீட்டுப் பிள்ளதானே, ஏத்திக்கிடட்டும்.”

“வாரத்துக்கு மூணு நாள் ஏத்தினா நூறு யூனிட்டோடயா நிக்கும்? இன்னைக்கு ரீடிங் எடுக்க வருவாவல்லா? பில்லு வரட்டும். அதைக் காட்டி நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கலைன்னா நான் உன் மக இல்லை. இனிமே அந்த வண்டி இந்த வாசலுக்கு வரக்கூடாது!”

ஆமாம், ரீடிங் எடுக்கிற நாள் பார்த்துத்தான் பஸ் ஏறியிருந்தாள்.

தங்கத்தாயின் முகம் வாடிப்போனது. “ஏட்டி, ஏதாவது சொல்லி அவரை வரவிடாம பண்ணிராத. இந்த வீட்டுக்கு வாரதே அவர் ஒருத்தர்தான்.”

கலைச்செல்வி காதில் வாங்கவே இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டர் பார்க்கிற பெண் வந்தாள். பார்த்தாள், கையிலிருந்த மெஷினில் தட்டினாள், சொன்னாள். “எழுபத்தெட்டு யூனிட். பில் இல்லைம்மா.”

“என்னது? நல்லாப் பாருங்க. கார் சார்ஜ் போடுத வீடு இது!”

“மீட்டர் நல்லாத்தான் ஓடுது. கார் ஏறியிருந்தா இந்த நம்பரா இருக்கும்?” என்று சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

கலைச்செல்வி மீட்டரை எக்கி எக்கிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து கார் வந்து நின்றது. இசக்கிராஜா இறங்கி, “வாங்க மதினி, எப்ப வந்திய?” என்று கேட்டபடியே வயரைப் பிளக்கில் சொருகினான்.

அவள் காருக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங் பக்கத்துத் திரை, சார்ஜ் நூறு சதவீதம் என்று பளிச்சென்று காட்டியது.

“தம்பி, சார்ஜ் நிறைஞ்சுல்லா கிடக்கு! பெறகு எதுக்குச் சொருகுதிய?”

இசக்கிராஜா திருதிருவென்று முழித்தான். வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அத்தைட்ட சொல்லிராதீங்க மதினி. காருக்குத் தனி மீட்டர் அப்பமே வாங்கியாச்சு. எங்க வீட்டுலதான் ஏத்துதேன். சுகன்யாவுக்கும் தெரியும்.”

“அப்போ இது என்ன நாடகம்?”

“மாமா போனதுல இருந்து அத்தை சாயங்காலமானா ஒரு லைட்டுகூட போடாம உக்காந்திருக்காவ. எங்க வீட்டுக்குக் கூப்பிட்டா, மக வீட்டுல வந்து தங்க மாட்டாவளாம். நான் சும்மா வந்தா ஒரு காபியைக் குடுத்து, ‘போய்க் கடையைப் பாருங்க மாப்ளே’ன்னு விரட்டிருதாவ. சார்ஜ் ஏறணும்னு சொன்னாத்தான் உக்கார விடுதாவ. எனக்குன்னு அடுப்பைப் பத்த வைக்காவ. அந்தச் சாக்குல அவியளும் ரெண்டு தோசை சாப்பிடுதாவ.”

கலைச்செல்வி பிளக்கில் தொங்கிய வயரைப் பார்த்தாள். மூணு மாசமாக அம்மாவை எட்டிப் பார்க்காதவள், பில்லைப் பிடிக்க மட்டும் பஸ் ஏறி வந்திருக்கிறாள்! வெட்கமாகப் போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தங்கத்தாய் வடை தட்டிக்கொண்டிருந்தாள். “என்னட்டி, சண்டை போட்டுட்டியா?”

“இல்லம்மா. பாவம், சார்ஜ் போட்டா போட்டுட்டுப் போகட்டும். நான் ஒண்ணும் கேக்கலை.”

தங்கத்தாய் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாள். கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவில், வெள்ளையாக ஒரு ப்யூஸ் கட்டை.

“முன்வாசல் பிளக்குக்கு உள்ளதுட்டி, இது இல்லாம அங்க கரண்டு வராது. என் பில்லு என்னத்துக்காகும்னு வயித்தெரிச்சல்ல, அவரு வந்த ரெண்டாம் நாளே பிடுங்கிட்டேன். மூணு மாசமாச்சு. சார்ஜ் ஏறலைன்னு மனுஷன் ஒரு வார்த்தை கேக்கலை, வண்டியும் ஜம்முனு ஓடுது.”

“எம்மா! அப்போ உனக்கு எல்லாமே...”

“பைய பேசு. அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கு என்ன சாக்குச் சொல்லிட்டு வருவாரு?”