எறும்பும் குருவியும்

“என்ன பீப்பா, பஸ்ஸுக்கா நிக்கற? உனக்கு ரெண்டு டிக்கெட் போடுவானே.”

வகுப்புத் தோழிகள் மூன்று பேர் பேருந்து நிறுத்தத்தில் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் போனில் மணி பார்த்தாள். இத்தனை நாளை விட்டுவிட்டு இன்றைக்குத்தானா இவர்கள் வந்து தொலைக்க வேண்டும்?

ஐந்து மணிக்கு எதிரே இருக்கும் பூங்கா வாசலுக்குக் குருவி வருவதாகச் சொல்லியிருந்தாள். எட்டு மாதப் பழக்கம். நேரில் பார்க்கப்போவது இன்றுதான். தின்ன ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத குண்டுப் பிள்ளைகளுக்கான ஆன்லைன் குழு அது. கேமரா கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது. அங்கே இவள் பெயர் எறும்பு.

பிஸ்கட் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுத நாட்களில், “கையை எடுடி எறும்பு. நான் இருக்கேன்ல, என்கிட்ட பேசு” என்று கூடவே இருந்தவள் குருவி. பெற்ற தாய்கூட, “இன்னுமா அடங்கல?” என்றுதான் கேட்டாள். குருவி ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அவள் இல்லையென்றால் இவள் என்றைக்கோ உடைந்துபோயிருப்பாள்.

“யாருக்காகடி வெயிட்டிங்? ஆளு கீளு இருக்கா?”

“இவளுக்கா? போடி, சிரிப்புக் காட்டாத.”

“அத்தை பொண்ணு வர்றா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் போட்டாள். மணி நாலரைதான். அதற்குள் இதுகள் கிளம்பிவிடும்.

அப்போது நடைபாதையில் ஒரு பெண் வந்தாள். நல்ல பருமன். மூச்சு வாங்க, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள்.

“ஏய் பீப்பா, உன் அத்தை பொண்ணு வந்துட்டாடி.”

மூவரும் சிரித்தார்கள். அடுத்த அடி தனக்குத்தான் என்று இவளுக்குத் தெரியும். முந்திக்கொண்டாள்.

“அத்தை பொண்ணா? நான் அத்தை குடும்பமே மொத்தமா வருதுன்னுல்ல நெனச்சேன்.”

சத்தமாகத்தான் சொன்னாள். தோழிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “பீப்பாவுக்கும் வாய் இருக்குடி” என்று ஒருத்தி முதுகில் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து இவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள்; பிறகு தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாலையைக் கடந்தாள். முதல் முறையாக இவளைப் பார்த்துச் சிரிக்காமல் இவளோடு சேர்ந்து சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

பேருந்து வந்தது. மூவரும் ஏறிப் போனார்கள். அப்பாடா என்று போனை எடுத்தாள். குருவியின் செய்தி காத்திருந்தது.

“சீக்கிரமே வந்துட்டேன்டி. பஸ் ஸ்டாப்புல ஒருத்தி, குடும்பமே மொத்தமா வருதுன்னு சொல்லிச் சிரிச்சா. அழுகை நிக்கவே மாட்டேங்குது. பார்க் பக்கத்துலயே பேக்கரி இருக்கு, கால் அங்கதான் போகுது. ஓடி வா எறும்பு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?”

பூங்கா வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். இவள் ஒரு எட்டு வைத்தாள். தன் முகம் அவளுக்குத் தெரியும் என்பது உறைத்ததும் நிறுத்தத்தின் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“அம்மா விடலடி. இன்னிக்கு வர முடியாது” என்று அடித்து அனுப்பினாள்.

எதிரே குருவி அதைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேக்கரிக்குள் போனாள்.