மூணு இன்ச் லூஸ்

"ரெண்டு பக்கமும் நல்லா பிடிச்சுத் தைச்சுடுங்கம்மா. மூணு இன்ச் லூஸ். இளைச்சுட்டேன்ல!"

நாலு கம்பளி சுவெட்டர்களை மேஜைமேல் போட்டுவிட்டு, வந்தவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். சத்தம் என்னவோ இளைத்த வயிற்றின் சத்தமாக இல்லை.

தையல்காரம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"எப்படி சார் இளைச்சீங்க?"

"நடைதான். அஞ்சு மாசமா தினம் காலையில ஒரு மணி நேரம். ஆபீஸ்ல எனக்கு பீரோன்னு பேரு. இப்ப பார்த்துட்டு யாராவது பீரோன்னு சொல்வாங்களா?"

தாராளமாகச் சொல்லலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணைப் போட்டுக் காட்டுங்க சார்."

போட்டார். தோளும் கழுத்தும் கச்சிதம். வயிற்றுப் பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. பின்னல் கண் ஒவ்வொன்றும் வலை மாதிரி விரிந்து கிடந்தது.

அவர் இடுப்பில் டேப்பைச் சுற்றினாள். நாற்பத்திரண்டு.

பழைய அளவு நோட்டைப் புரட்டினாள். போன வருஷம் பேண்ட் தைக்க வந்தபோது எழுதியது. நாற்பத்திரண்டு.

"என்னம்மா, எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"அது... வியாழக்கிழமை வாங்க சார். ரெடியா இருக்கும்."

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படி இறங்கினார். அவர் தெருமுனை திரும்பியதும் ஒரு பெண் குடுகுடுவென்று கடைக்குள் நுழைந்தாள்.

"அளந்துட்டீங்களா அக்கா? ஐயையோ! அளவைச் சொல்லிட்டீங்களா?"

"நீங்க யாரும்மா?"

"பீரோவோட வீட்டுக்காரி."

தையல்காரம்மா நோட்டை மூடி வைத்தாள்.

"சுவெட்டரை நனைச்சு, உள்ளே சோபா தலகாணி ரெண்டைத் திணிச்சு, பால்கனியில காயவச்சது நான்தான் அக்கா. மாசத்துக்கு ஒரு தடவை."

"எதுக்கும்மா இந்த வேலை?"

"நடக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே, 'ஒரு கிராம் குறையலை, இனிமே வரமாட்டேன்'னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டார். எடை மெஷின்ல பேட்டரியைக் கழட்டினேன். சுவெட்டரை இழுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவர் கண்ணாடியை விட்டு நகரலை. மறுநாள் எனக்கு முன்னாடி ஷூ மாட்டிட்டு நிக்கறார்!"

"அப்புறமும் ஏன் குறையலை?"

"பார்க் வாசல்லயே பேக்கரி இருக்கே!"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பாவம்மா அந்த மனுஷன். இளைச்சுட்டேன் இளைச்சுட்டேன்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறார். கட்டின புருஷனை இப்படியா முட்டாளாக்கறது? நான் இதைப் பிடிச்சுத் தைச்சா, ஒரு சலவையில கம்பளி சுருங்கி மூச்சு முட்டும். அப்ப என்ன பண்ணுவீங்க?"

"இன்னொரு தலகாணி சேர்த்துத் திணிப்பேன்."

வாசல் வரை போனவள் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"சொல்லிடாதீங்க அக்கா. மனசு விட்டுட்டார்னா நடக்கறதையும் விட்டுடுவார்."

மூன்று நாள் தையல்காரம்மாவுக்கு அதே யோசனை. ஒரு பெரிய மனுஷனை அவர் பெண்டாட்டியோடு சேர்ந்து தானும் ஏமாற்றுவதா? முடியாது. கடைசியில் கத்தரியைத் தொடவே இல்லை. நாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, பிழியாமல் எடுத்து, துண்டு விரித்துப் படுக்கவைத்து உலர்த்தினாள். நாலும் சமர்த்தாகப் பழைய அளவுக்கே வந்துவிட்டன.

வியாழக்கிழமை வந்தார். போட்டுப் பார்த்தார்.

"அடடா, அளவெடுத்துப் பின்னின மாதிரி இருக்கே!"

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் இதுல ஒரு தையல்கூடப் போடலை..."

"போட்டிருக்க மாட்டீங்க. அன்னைக்கு டேப்பைப் பார்த்ததும் உங்க முகம் போன போக்கைத்தான் பார்த்தேனே."

தையல்காரம்மா திகைத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் ஆபீஸ்லேருந்து சீக்கிரம் வந்துட்டேன். பால்கனி நாற்காலியில, என்னை மாதிரியே ஒருத்தன் தலை இல்லாம உக்காந்திருக்கான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது!"

"அப்புறம் ஏன் சார் இளைச்சுட்டேன்னு இந்தக் கூத்து?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் அந்தப் பெருமை இல்லை.

"டாக்டர் நடக்கச் சொன்னது என்னை இல்லைம்மா. அவளை. சர்க்கரை ஏறி, போன வருஷம் ஒரு நாள் சமையலறையில மயங்கியே விழுந்துட்டா. கெஞ்சினேன், திட்டினேன். 'வீட்டுக்குள்ள நடக்கறது போதாதா'ன்னுட்டா. தனக்குன்னா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா. எனக்குன்னா ஓடுவா. அதான், 'எனக்கு உடம்பு ஏறுது, நான் நடக்கணும்'னு கிளம்பினேன். நான் எங்கேயாவது பெஞ்சுல சாஞ்சுடுவேன்னு காவலுக்குக் கூடவே வர்றா. நான் முரண்டு பிடிச்சா விரட்டுறா. இளைச்சுட்டேன்னு சொன்னா இன்னும் ரெண்டு சுத்து கூட்டுறா. அவளுக்கு ஈடு குடுக்க என்னாலதான் முடியலை."

"இப்ப சர்க்கரை எப்படி இருக்கு சார்?"

அவர் பைக்குள் கைவிட்டு ஒரு பச்சை சுவெட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெண்கள் போடுவது.

"இதை மட்டும் நிஜமாவே பிடிச்சுத் தைச்சுடுங்கம்மா. இது யாரும் இழுக்காமலே லூசானது."