இருபது அடி வாசல்

சுங்கைப் பட்டாணியில் ஒரு நில அளவை அலுவலகத்தில் ரூபினி கணினியில் வரைபடம் போடுகிறாள். வரைபடத்துக்கு அடியில் செயற்கைக்கோள் படத்தை வைத்தால், அது அளவாக உட்காருவதற்குத் தரையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரு நீளம் வேண்டும். திகாம் பத்து என்ற ஊரில் அவள் வீட்டுத் தெருவையே அகலப்படுத்தும் வேலை வந்ததால் சொந்த வாசலை எடுத்துக்கொண்டாள். அப்பா சிமெண்டு போட்ட வாசல், வீட்டுப் படியிலிருந்து தெருவரை சரியாக இருபது அடி.

படத்தில், வாசலில் அப்பாவின் நீலக் கார் நின்றது. ஆறு வருடங்களுக்கு முன் விபத்தில் அப்பா போனார். கார் பழைய இரும்புக்குப் போனது. பழைய படமாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்குப் போட்ட சிவப்புக் கூரையும் அதில் இருந்தது.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"மா, பகல்ல நம்ம வாசல்ல யாரு காடி நிக்குது?"

"அப்பா காடிதான்லா. கோஸ்தான் எடுத்துப் பின்னால வர்றப்ப இடிக்கக் கூடாதுன்னு பூச்சட்டிய எல்லாம் காலையிலயே ஓரமா வெச்சிருவேன்" என்றாள் அம்மா.

புதிய சாலைக்கோடு வாசலில் எட்டு அடியை எடுத்திருந்தது. மிச்சம் பன்னிரண்டு. ரூபினி படத்தில் இருந்த காரை அளந்தாள். பதின்மூன்று அடி.

சாலைக்கோட்டை ஓரடி தெருப் பக்கமாகத் தள்ளிப் போட்டாள்.