இன்னொரு சடை

“எங்கம்மா வந்துட்டா.”

குழந்தை இவளைக் கைகாட்டித்தான் சொன்னது.

சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் இசக்கியம்மாள். பெற்றவள்.

இவள் காப்பகத்தின் வாசற்படியிலேயே நின்றாள். அதற்குள் குழந்தை ஓடி வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தது. தத்து உத்தரவு வர வேண்டியதுதான் பாக்கி. கட்டில் வந்துவிட்டது. கொசுவலை கட்டியாகிவிட்டது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது.

குழந்தை முன்கூட்டியே பழகட்டும் என்று காப்பகத்தில் ஒரு ஆல்பம் கேட்டிருந்தார்கள். இவளும் கணவனும் உட்கார்ந்து படம் படமாக ஒட்டிக் கொடுத்தார்கள். இது உன் வீடு. இது உன் அப்பா. இது உன் அம்மா.

குழந்தை நன்றாகப் பழகிக்கொண்டது.

போன வாரம் காப்பகத்தை நடத்தும் ஞானசெல்வி போனில் அழைத்தாள்.

பிள்ளையைப் பெற்றவள் கிடைத்துவிட்டாள். புத்தி பேதலித்திருந்த நாளில், நெல்லை பஸ் ஸ்டாண்டில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிப் போனவள். கேரளாவில் ஒரு மனநல விடுதியில் வருஷக்கணக்கில் இருந்திருக்கிறாள். மருந்து மெல்லப் பிடித்திருக்கிறது. ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷை வைத்துவிட்டு, எம் பிள்ள எங்க என்று கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்வதற்கில்லை.

நேற்று மறுபடி ஞானசெல்வி.

“பிள்ள அவ கிட்டயே போக மாட்டேங்கா. ஆல்பத்தத் தூக்கிட்டு வந்து எங்கம்மா இவதான்னு உங்களக் காட்டுதா. அந்தப் பொம்பள அழக்கூட இல்ல, பாத்துட்டே இருக்கா. உங்களக் கூப்புடுதது பாவந்தான். ஆனா நீங்க சொன்னா கேப்பா.”

“போகாத,” என்றான் கணவன். காலையில் அவனே காரை எடுத்தான். கேட்டுக்கு வெளியே நிறுத்தியவன் இறங்கவில்லை.

“அம்மா, சட போடு.”

வந்த ஒவ்வொரு ஞாயிறும் இவள்தான் பின்னிவிடுவாள். குழந்தை சீப்பை எடுத்து வந்து நீட்டியது.

இவள் பாயில் போய் உட்கார்ந்தாள். இசக்கியம்மாளின் பக்கத்தில், தோள் உரசும் தூரத்தில். குழந்தையை முன்னால் உட்கார வைத்தாள்.

“பேச்சி,” என்றாள் இசக்கியம்மாள், கேட்டும் கேட்காமலும்.

குழந்தை திரும்பவில்லை. இங்கே அதன் பெயர் ரோஸி.

இவள் வகிடெடுத்தாள். வலப்பக்கம் பின்னி ரிப்பன் கட்டினாள். பிறகு சீப்பை இசக்கியம்மாளிடம் நீட்டினாள்.

“இந்தப் பக்கம் அம்மா போடுவா.”

“நீதான அம்மா.”

ஞானசெல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் அத்த,” என்றாள் இவள்.

சொன்னவுடன் அவ்வளவு கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கழித்துத்தான் கஷ்டமாக இருந்தது.

“ஆல்பத்துல அம்மான்னு போட்டிருக்கு.”

“ஒங்கம்மாவுக்கு அப்போ ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரியில இருந்தா. அதான் சும்மா நான் இருந்தேன்.”

குழந்தை யோசித்தது.

“அப்பா?”

“அவரு மாமா.”

காரில் இருப்பவனைக் கேட்காமலே அவனையும் கொடுத்துவிட்டாள்.

இசக்கியம்மாள் சீப்பை வாங்கிக்கொண்டாள். மருந்தினால் அவள் விரல்கள் நடுங்கின. பிரித்த முடி நழுவியது. மறுபடி பிரித்தாள். மறுபடி நழுவியது. ஒரு கணம் அந்த முடியில் மூக்கை வைத்து எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

குழந்தை விறைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு கை பின்னால் வந்து இவள் முந்தானையைப் பிடித்திருந்தது.

பின்னல் முடிந்தது. குழந்தை தொட்டுப் பார்த்தது.

“இது லூசா இருக்கு. அவுந்துரும். நீ போடு.”

இசக்கியம்மாள் கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சரி செய்ய ஒரு நிமிடம் ஆகாது. இவள் கை அதன் போக்கில் எழுந்துவிட்டது.

எழுந்த கை வலப்பக்கம் போனது. தான் கட்டிய ரிப்பனை உருவினாள். தான் போட்ட பின்னலை நுனியிலிருந்து பிரித்தாள். அடி வரை பிரித்து, விரலால் கோதிவிட்டாள்.

“அது நல்லாத்தான் இருக்கு. நான் போட்டதுதான் இறுக்கம், தல வலிக்கும். இதையும் அம்மா போடட்டும்.”

தோளைப் பிடித்துக் குழந்தையை அந்தப் பக்கம் திருப்பினாள்.

முந்தானையை விட்டால்தான் முழுதாகத் திரும்ப முடியும்.

குழந்தை இவளைப் பார்த்தது. பிறகு விட்டது.

இசக்கியம்மாள் முடியை அள்ளினாள். இந்த முறை நழுவவில்லை.

“பேச்சி, குனி.”

குழந்தை குனிந்தது.

இப்போதே எழுந்துவிட வேண்டும். அது நிமிர்வதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும்.

கால் மரத்துப்போயிருந்தது.