சிந்தாத தண்ணீர்

"ஒரு சொட்டு சிந்தினாலும் கணக்குல வரும். மெதுவா நடங்க, மேஸ்திரி."

டாக்டரம்மா சொன்னதும் மேஸ்திரி, விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரை ஒற்றைக் கையால் தூக்கினார். பத்தடி நடந்து எதிர் மேசையில் வைக்க வேண்டும். எவ்வளவு சிந்துகிறது என்பதுதான் பரிசோதனை.

முப்பது வருடம் ரோடு உடைக்கும் டிரில் மெஷினைப் பிடித்த கை அது. மெஷினின் உதறல் விரல் நரம்புகளைத் தின்றுவிட்டது. மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் கை மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும். நாலு மாதத்துக்கு முன் இதே அறையில் இதே தம்ளரைத் தூக்கியபோது பாதித் தண்ணீர் டாக்டரம்மாவின் செருப்பில்தான் இருந்தது.

இன்றைக்குக் கால் தம்ளர்தான் போயிற்று. சுவரோரம் உட்கார்ந்திருந்த அவருடைய கேங் ஆட்கள் இருபத்திமூன்று பேரும் விசிலடித்தார்கள்.

"பாத்தீங்களாம்மா? இன்னிக்குப் பொத்தானை நானே போட்டேன்" என்று நெஞ்சைக் காட்டினார் மேஸ்திரி.

"ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கியேண்ணே" என்றான் அவர்களில் ஒருவனான நெட்டை.

"போட்டதைப் பாருடா. எங்க போட்டேன்னு எதுக்குப் பாக்குற?"

மருந்து எண்ணிக்கொண்டிருந்த உதவியாளர் தலையைத் தூக்கினார். "மேடம், ஆளுக்கு நூத்திமுப்பது மாத்திரை குடுத்தோம். நாளுக்கு ஒண்ணுன்னு நூத்தியிருபது போக, இருபத்திநாலு பாட்டில்லயும் பத்துப் பத்து மீதி இருக்கு. என் சர்வீசுல இப்படிப் பாத்ததே இல்ல. போன ஆராய்ச்சியில ஒருத்தர் மாத்திரைய எலி தின்னுடுச்சுன்னார். இன்னொருத்தர் எலிக்குத்தான் வாங்கிட்டுப் போனேன்னார்."

"உழைக்கிறவங்க வேற ரகம்யா" என்றார் டாக்டரம்மா பெருமையாக. எல்லாருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டிவிட்டு, அலமாரியிலிருந்து ஒட்டிய உறையை எடுத்தார்.

பாதிப் பாட்டில்களில் புது மருந்து. மீதிப் பாதியில் அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெறும் சாக்பீஸ் மாத்திரை. இதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எந்த எண் பாட்டிலில் எது என்பது டாக்டரம்மாவுக்கே தெரியாது, உறைக்குத்தான் தெரியும். மருந்து சாப்பிட்டவர்களின் கை, சாக்பீஸ் சாப்பிட்டவர்களின் கையைவிட நன்றாக இருந்தால் மருந்து பிழைக்கும். இல்லையென்றால் மருந்துக் கம்பெனி இன்றோடு நிறுத்திவிடும். டாக்டரம்மாவின் ஆறு வருட உழைப்பு அந்த உறைக்குள் இருந்தது. மேஸ்திரியின் சட்டைப் பொத்தானும்தான்.

மேஸ்திரி பிஸ்கட்டுகளைத் தாளில் பரப்பினார். ஆளுக்கொன்று கொடுத்தது போக ஒன்று மிஞ்சியது. அதை நொறுக்கி, ஆளுக்கொரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் தன் பிஸ்கட்டைக் கடித்தார்.

டாக்டரம்மா உறையைப் பிரித்தார். பட்டியலையும் தண்ணீர்க் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"என்னம்மா, பாசா பெயிலா?" என்றார் மேஸ்திரி.

"பெயில்."

"யாரு, நெட்டையா?"

"மருந்து."

டாக்டரம்மா பட்டியலை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"மருந்து சாப்பிட்ட பன்னெண்டு பேருக்கும் பாதிக் குணம். வெறும் சாக்பீஸ் சாப்பிட்ட பன்னெண்டு பேருக்கும் அதே பாதிக் குணம். அப்போ உங்க கையை நிறுத்துனது மருந்து இல்ல, மாத்திரை சாப்பிடுறோம்ங்கற நம்பிக்கைதான். இனிமே இந்த மாத்திரை வராது மேஸ்திரி."

மேஸ்திரி குனிந்து பொத்தானைத் தடவினார். "அப்போ மறுபடியும் அவதான் போட்டுவிடணுமா? நானே போட்டுக்கிட்டேன்னு காலையில அழுதாம்மா."

"என் பாட்டில்ல என்ன இருந்துச்சு டாக்டரம்மா?" என்று குறுக்கே வந்தான் நெட்டை.

"பதினேழாம் நம்பர். மருந்து."

"மேஸ்திரி பாட்டில்ல?"

"சாக்பீஸ்."

"கேட்டுக்கங்கடா! என் பாட்டில்தான் மருந்து. எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கங்க!"

"எனக்குக் குணமானதே உன்னாலதான்னு ஊரெல்லாம் தண்டோரா போடாத. உக்காரு" என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மாவுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் காதில் ஏறவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசி நப்பாசையில் கேட்டார். "கோவிச்சுக்காம உண்மையைச் சொல்லுங்க. யாராவது ஒருத்தர், ஒரே ஒரு நாளாவது, அடுத்தவர் மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. மேஸ்திரி எழுந்தார். கையைவிட மீசை அதிகம் நடுங்கியது.

"என்னம்மா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? அடுத்தவன் பங்குல கை வைக்கிற புத்தி எங்க கேங்ல எவனுக்கும் கிடையாது."

"சத்தியமா?"

"என் புள்ளைங்க மேல சத்தியம்."

டாக்டரம்மா பெருமூச்சுவிட்டு, அறிக்கையின் கடைசிக் கட்டத்தில் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரிக்கு மனசு ஆறவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இருந்தாலும் எங்களைப் பாத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. ஒருத்தன் மருந்தும் ஒருத்தன் சாக்பீஸும் தின்னா கேங்குக்குள்ள பேச்சு வந்துடும்னுதானே, நீங்க பாட்டிலைக் குடுத்த அன்னிக்கே இருபத்திநாலையும் ஒரே சிமெண்டுச் சட்டியில கொட்டி, நல்லாக் கலந்து, ஆளுக்கு நூத்திமுப்பதுன்னு என் கையாலயே சமமாப் பங்கு போட்டுக் குடுத்தேன்!"