நடுவாந்தரப் பச்சை

சுவரில் மூன்று திட்டுகள்.

உள்ளங்கை அகலத்தில், பக்கத்தில் பக்கத்தில், இன்னும் ஈரம் காயாமல்.

அவர் அவற்றின் முன்னால் நின்றிருந்தார். சாமான்களையெல்லாம் வெளியேற்றிய அறை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாள் வழியே பிற்பகல் வெயில் வடிந்து இறங்கியது. செருமினால்கூட எதிரொலித்தது.

"எந்தப் பச்சைங்க வைக்கலாம்?" என்றாள் அவர் மனைவி தவமணி. "ரொம்ப அடர்த்தியாவும் வேணாம், வெளிறியும் வேணாம். நடுவாந்தரமா இருக்கணும்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் வாடகை வீடுகளின் வெள்ளைச் சுவர்களுக்குள் கழித்தவள். சொந்த வீடு என்று ஒன்று அமைந்ததும் அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அவர் அவசரப்படவில்லை. யோசிப்பவர்போலத் தலையைச் சாய்த்தார். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றார். பிறகு வலதுகோடித் திட்டைக் காட்டினார்.

"இந்தப் பச்சை."

ஏணியின் மேலிருந்த பெயிண்டர் ஆரோக்கியம் சிரித்துவிட்டார். "சார், அது பச்சையே இல்ல. வெளிவாசலுக்குப் பார்த்த காப்பிக் கலரு. மத்த ரெண்டும்தான் பச்சை."

அவரும் சேர்ந்து சிரித்தார். இப்படிச் சிரித்துச் சமாளிப்பது அவருக்குப் பழக்கம்தான்.

தவமணி சிரிக்கவில்லை.

அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எங்கெங்கோ போய்வருவது அவருக்குத் தெரிந்தது. ஜவுளிக்கடையில் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, இது என்ன கலர் என்று கடைக்காரரிடம் கேட்டது. மாம்பழத்தை முகர்ந்து முகர்ந்தே பொறுக்கியது. பூத்திருக்கும் செம்பருத்தியை அவள் காட்டும்போதெல்லாம், பூ இல்லாத கிளையைப் பார்த்து ம் கொட்டியது.

"ஆரோக்கியம், நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

ஏணி முனகியது. கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்து."

ஒருமுறை வாய் திறந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது.

இருபத்து மூன்று வயதில் ரயில்வே கார்டு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார். மருத்துவப் பரிசோதனையில் ஒரு புத்தகத்தை விரித்தார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். அதற்குள் ஒரு எண் இருக்கிறது, படி என்றார்கள். அவர் பார்த்தார். தூறல் விழுந்த மண்போல வெறும் புள்ளிகள். அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பச்சைக்கொடி அசைக்க வேண்டிய வேலை.

வீட்டில், அந்த வேலை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். திமிர் என்றார் அப்பா. சாகும்வரை அப்படியே நம்பினார். குறை என்று தெரிவதைவிட, அப்பா அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வது மேல் என்று மகனுக்கு அன்று தோன்றியது. பிறகு பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனார். எண்களுக்கு நிறம் இல்லை.

தவமணி ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா, பாருங்க பாருங்கன்னு நீ எதையும் எனக்குக் காட்டியிருக்க மாட்டே."

அவள் திரும்பிச் சுவருக்குப் போனாள். இடதுகோடித் திட்டில் கையை வைத்தாள். எடுத்தபோது உள்ளங்கையெல்லாம் நிறம் அப்பியிருந்தது.

"இதையே அடிக்கச் சொல்றேன்" என்றாள்.

மூன்று நாள் வேலை நடந்தது.

அந்த மூன்று நாளும் அவள் அவருக்கு எதையும் காட்டவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் கிளிகள் கத்திக்கொண்டு போயின. கூப்பிடத் திரும்பியவள் வாயை மூடிக்கொண்டதை அவர் படியில் நின்று பார்த்தார். கிளிகள் போன பிறகும் அங்கேயே நின்றிருந்தார். நல்ல மனைவி, புண்படுத்தக் கூடாதென்று நினைக்கிறாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஆரோக்கியம் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாமான்கள் இன்னும் உள்ளே வரவில்லை. இருவரும் வெறுந்தரையில் அருகருகே உட்கார்ந்தார்கள். செய்தித்தாளை உரித்துவிட்டிருந்ததால் வெயில் நேராக வந்து சுவரில் சாய்ந்திருந்தது. வெளியே வேம்பு ஆடியது. அதன் நிழல் சுவரில் மிதந்தது, விலகியது, மறுபடி வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நிழல் அப்படியே நின்றுவிட்டு அறை மெதுவாக எங்கோ நகர்வதுபோல் இருந்தது. புதுப் பெயிண்டின் வாசம் இமைகளில் ஏறியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியவில்லை.

"உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

அவர் சட்டென்று திரும்பினார். அவள் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. புத்தகத்தை விரித்தவர்கள்கூட, என்ன தெரியவில்லை என்றுதான் குறித்துக்கொண்டார்கள்.

அவர் பார்த்தார். இந்த முறை பார்ப்பவர்போல நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"மணல் மாதிரி."

"கடல் மணலா, ஆத்து மணலா?"

"ஆத்து மணல்."

அவள் கண்களைச் சுருக்கிக்கொண்டு, நான்கு சுவர்களையும் நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கால்களை நீட்டினாள். சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேலே லேசாக ஏற்றிக்கொண்டாள்.

"தண்ணி எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்றாள்.